ஆம்பிளை இல்லாத வீட்டுக் கூரை

"ஏறுறதுக்கு ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ, பிள்ளை?"

வன்னியில் ஆண்கள் இல்லாத வீடுகளில் வாழும் பெண்கள் இந்தக் கேள்வியை ஏதோவொரு வடிவத்தில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். ஏறுவதற்கு, வேலி அடைப்பதற்கு, கிணறு துப்புரவாக்குவதற்கு, அலுவலகத்துக்குத் துணைக்கு வருவதற்கு. கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள், அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்த அக்கறைக்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒன்று குறைகிறது, அந்தக் குறையை வெளியிலிருந்து ஒருவர் வந்துதான் நிரப்ப வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. வெளியிலிருந்து ஒருவர் வந்தால் பிறகு என்ன பேசுவார்கள் என்பதும் கேட்பவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் ஒரு காட்டோரக் கிராமத்தில் எங்கள் வீடு இருக்கிறது. அம்மா, அக்கா, அக்காவின் மகள், நான். 2009 மே மாதத்துக்குப் பிறகு அத்தானைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அரசாங்கப் படிவங்களில் நாங்கள் 'பெண்தலைமைத்துவக் குடும்பம்'. ஊரில் எங்களுடையது 'ஆம்பிளை இல்லாத வீடு'. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். கோப்புகள் இணையத்தில் வரவும் போகவும் வேண்டும். அக்கா தைக்கிறாள், அவளுக்கு ஓடர்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. மகள் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வீட்டிலிருந்தே ஒரு பாடநெறி படிக்கிறாள். மூவருக்கும் சேர்த்து எங்களிடம் இருந்தது, கிணற்றடியில் நின்று போனை உயர்த்திப் பிடித்தால் இரண்டு கோடு காட்டும் ஒரு சிக்னல்.

2025 யூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கையில் தொடங்கியது. அதற்கு இடம்விட்ட தொலைத்தொடர்புச் சட்டத் திருத்தம் அதற்கு ஒரு வருடம் முன்பு நிறைவேறியிருந்தது. கருவியின் விலை அப்போது ஒரு லட்சத்துக்கு மேல். தொடங்கியபோது வீட்டுப் பாவனைக்கான மிகக் குறைந்த மாதக் கட்டணம் பன்னீராயிரம் ரூபாய். அந்த நேரம் நாட்டின் சட்டபூர்வக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000. அதாவது, குறைந்த சம்பளம் வாங்கும் ஒருவரின் உழைப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இது ஏழைகளுக்கான தொழில்நுட்பம் என்று எவரும் என்னிடம் சொல்ல வேண்டாம். எங்கள் மூவரின் வருமானத்தையும், அக்கா பிடித்த சீட்டுக் காசையும் போட்டுத்தான் வாங்கினோம்.

அந்தப் பெட்டியோடு வந்த வாக்குறுதியைப் பற்றித்தான் யோசிக்க விரும்புகிறேன். 'நீங்களே பொருத்திக்கொள்ளலாம்' என்பது அது. ஒரு வேலையைத் தானே செய்துகொள்வது எப்போது விடுதலை, எப்போது வெறும் கூலியில்லாத வேலை? யாரில் தங்கியிருப்பது அவமானம், யாரில் தங்கியிருப்பது அவமானமில்லை?

முதலில் அந்த வாக்குறுதி எங்களுக்கு என்னவாகக் கேட்டது என்று சொல்கிறேன். 'நீங்களே' என்றால் எவனும் வீட்டுக்குள் வரத் தேவையில்லை. சில வருடங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் இணைப்புக்காக ஒருவர் வந்தார். வேலை முடிந்ததும் "சிக்னல் சரியோ எண்டு பாக்க" என்று என் இலக்கத்தை வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒரு மாதமாக இரவு பத்து மணிக்குமேல் அழைப்பு. சிக்னலைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. முறையிட்டால் அடுத்த தடவை எவரும் வரமாட்டார்கள். முறையிடாவிட்டால் அவரே வருவார். இதை எழுதும்போது எத்தனை வாசகிகள் தலையாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வரும் ஆண்களை எண்ணிப் பார்த்தால் நுண்கடன் தவணைக்கு வருபவர், விசாரிக்க வருபவர், கம்பி இழுக்க வருபவர் என்றுதான் பட்டியல் போகும். இவர்கள் எவரும் விருந்தாளிகள் அல்ல. ஆனாலும் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே அந்த வாக்குறுதி எங்களுக்குச் சிறியதல்ல.

வேலை என்ன என்று விளக்கமாகச் சொல்வதில் எனக்கு ஒரு விருப்பம் இருக்கிறது. பெண்களின் கட்டுரைத் தொகுப்புகளில் இயந்திரங்கள் எப்போதும் உருவகமாகவே வருகின்றன. இது உருவகமில்லை, மூன்று கிலோ எடையுள்ள ஒரு வெள்ளைத் தட்டு. ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் நீளம், 38 சென்ரிமீற்றர் அகலம். பெட்டிக்குள் அதோடு 15 மீற்றர் கேபிளும், மின்சாரம் கொடுக்கும் ஒரு கட்டையும், ரவுட்டரும் இருந்தன. பழைய சட்லைட் டிவி டிஷ் மாதிரிக் கிண்ண வடிவம் இதற்குக் கிடையாது. டிவிச் செய்மதி பூமியிலிருந்து 35,786 கிலோமீற்றர் உயரத்தில், எங்களுக்கு அசையாமல் நிற்பதுபோலத் தெரிகிறது. அந்த ஒரு புள்ளியைப் பார்த்துக் கிண்ணத்தைத் திருப்பி இறுக்கினால் போதும். இந்தச் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு 27,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றன. ஒன்று எங்கள் வானத்தில் சில நிமிடம்தான் நிற்கும். அது மறைய முன் தட்டு அடுத்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தட்டு அசைவதில்லை. உள்ளே வரிசை வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன அன்ரெனாக்கள் தங்கள் அலைகளை நுணுக்கமான நேர வித்தியாசத்தில் அனுப்பி, கற்றையை மட்டும் திருப்புகின்றன. உயரம் குறைவு என்பதால் பேச்சுக்கும் பதிலுக்கும் நடுவில் இழுபடும் நேரமும் குறைவு. அசையாத செய்மதி வழியான இணையத்தில் அரைச் செக்கனுக்கு மேல் போகும். இதில் அதில் பத்திலொரு பங்கு அளவுதான்.

இதனால் ஒரு மரக்கிளையும் பெரிய விடயமாகிவிடுகிறது. ஒரு புள்ளி மட்டும் தெரிந்தால் போதாது, தட்டுக்கு மேலே வானத்தின் ஒரு பெரிய வட்டம் தெரிய வேண்டும். போனில் உள்ள செயலியைத் திறந்து கமராவை மேலே பிடித்து மெதுவாகச் சுற்றினால், எந்தப் பக்கம் மறைக்கிறது என்று அது படம் போட்டுக் காட்டும். முற்றத்தில் வைத்துப் பார்த்தோம். கிழக்கே மாமரம், தெற்கே முருங்கை. மாமரத்தை நகர்ந்து தவிர்க்கலாம். முருங்கை மறைத்தது. மகள் கத்தியை எடுக்கப் போனாள். அம்மா கதிரையில் இருந்தபடி, "அந்த மரத்தில கைவைக்க வேண்டாம்" என்றா. மீள்குடியேறி வந்த முதல் வருடம் நாங்கள் என்ன தின்றோம் என்று அந்த மரத்துக்குத் தெரியும். அப்படியென்றால் உயரம்தான் வழி: கூரை முகட்டுச் சுவரில் ஒரு ஜி.ஐ. பைப்பை நிறுத்தி, அதன் தலையில் தட்டு. பைப்பில் மாட்டும் துண்டு பெட்டியில் வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். சுவரில் பிடிக்கும் கொழுக்கிகளை நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு ஒட்டுக் கடையில் செய்வித்தோம்.

இங்கேதான் அந்தக் கேள்வி வந்தது. ஏறுறதுக்கு ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ.

இந்த வீடு எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்டவருக்கு மறந்துபோனது விசித்திரம். போருக்குப் பிறகு இந்திய உதவியில் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் இதுவும் ஒன்று. பயனாளியே கட்டும் முறை. வீட்டுக்கு 550,000 ரூபாய், கட்டக் கட்டத் தவணையாக வங்கிக்கு வரும். கல் அரிவதற்கு மண் குழைத்தது அக்கா. அத்திவாரம் வெட்டியது நானும் அம்மாவும். சீமெந்தின் விலை மாதத்துக்கு மாதம் ஏற, போதாத காசுக்குக் கடன் வாங்கியதும் அக்கா. அதற்கு முன் பதுங்குகுழி வெட்டியவர்களும் பெண்கள்தான். பங்கருக்கு மேலே போடப் பனங்குற்றி உருட்டும்போது எவரும் 'ஆம்பிளையள் இல்லையோ' என்று கேட்கவில்லை. பெண் உடம்பு பாரம் தூக்கலாம், குனியலாம், வெட்டலாம். ஏறக்கூடாது. கீழே செய்யும் வேலைக்கும் மேலே செய்யும் வேலைக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைப் போட்டது உடல் வலிமை அல்ல. மேலே நின்றால் எல்லோருக்கும் தெரியும் என்பதும், மேலே நிற்பவளுக்கு எல்லாம் தெரியும் என்பதும்தான்.

அமெரிக்க மெய்யியலாளர் ஐரிஸ் மரியன் யங் 1980இல் 'பெண்பிள்ளை மாதிரி எறிதல்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெண்பிள்ளைகள் பந்தெறியும்போது முழு உடம்பையும் பாவிப்பதில்லை, கையை மட்டும் அசைக்கிறார்கள். தங்களைச் சுற்றி ஒரு சுவர் இருப்பதுபோல நடந்துகொள்கிறார்கள் என்பது அவர் எடுத்துக்கொண்ட விடயம். எலும்பின் அமைப்பில் அவர் இதற்குக் காரணம் தேடவில்லை. பார்க்கப்படும் பொருளாகவே வாழப் பழக்கப்பட்ட உடம்பு தன்னைச் செயல்படும் உடம்பாக முழுதாக நம்புவதில்லை என்றார். ஏணியில் ஐந்தாவது படியில் நின்றபோது எனக்கு இது புத்தகமாக ஞாபகம் வரவில்லை. இடது கை ஏணியையும் வலது கை உடுப்பையும் பிடித்திருந்தது. ஏறியது நைற்றியோடு அல்ல, மகளின் டெனிமோடு. இழுத்துப் பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் கை போய்ப் பிடித்தது. முப்பத்தெட்டு வருடப் பழக்கம்.

ஏணியைப் பற்றிச் சில விடயங்கள் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவும். நாலு முழம் உயரத்துக்கு ஒரு முழம் என்ற கணக்கில் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ஒருவர் அடியைப் பிடித்தபடியே நிற்க வேண்டும், கதைக்கப் போகக்கூடாது. ஓட்டில் நடக்காமல் முடிக்கும் வழி இருந்தால் அதுதான் சிறந்த வழி. அஸ்பெஸ்ரஸ் சீற் கூரை இன்னும் பொல்லாதது. சீற் உடம்புப் பாரத்தைத் தாங்காது. சுவரில் துளை போடும்போது கல்லும் கல்லும் சேரும் சாந்தில் போட்டால் பிடிக்காது. இடி கேட்டால் அந்த நிமிடமே இறங்க வேண்டும்.

ஏணியைப் பிடிக்க வந்தது இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஓர் அக்கா. அவரைப் பற்றி அதிகம் எழுத எனக்கு அனுமதியில்லை. முன்பு ஒரு காலத்தில் வேறொரு வேலை செய்தவர். அது முடிந்து, முகாம் முடிந்து, புனர்வாழ்வு முடிந்து வந்தபோது ஒரு தையல் மிசினும் கேக் அடிக்கும் பயிற்சிச் சான்றிதழும் கையில் இருந்தன. நான் கேபிளை நேரே சுவர்த் துளைக்குள் விடப் போனேன். "பொறு" என்றார். கேபிளைத் துளைக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, வளைத்து, மேலே ஏற்றி உள்ளே விட்டார். மழைத் தண்ணி கேபிள் வழியே ஓடி வந்தால் வளைவின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. அணில் கடிக்காமல் வெளியே தெரியும் நீளம் முழுவதையும் பி.வி.சி. குழாய்க்குள் போடச் சொன்னார். பைப்புக்கு எர்த் கம்பி எங்கே அடிப்பது என்று முற்றத்தைச் சுற்றி நடந்து ஈரமான இடமாகப் பார்த்தார். "எங்க பழகினனீங்கள்?" என்று மகள் கேட்டாள். "எங்கயோ" என்றார். அதற்குமேல் எவரும் கேட்கவில்லை.

அந்த 'எங்கயோ'வை நான் பல நாள் யோசித்தேன். பிரித்தானியப் பெண்ணியவாதி சிந்தியா கொக்பேர்ண் 1980களில் தொழிற்சாலைகளிலும் அச்சகங்களிலும் ஆய்வு செய்தவர். புதிய இயந்திரங்கள் வந்தபோது பெண்கள் அவற்றை இயக்கினார்கள். இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்ற அறிவு ஆண்களிடமே நின்றது என்று அவர் காட்டினார். எங்கள் ஊரின் கதை அதிலும் ஒரு படி கொடூரமானது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்த பெண்கள் இங்கே இருந்தார்கள். அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று சொன்னால் விசாரணை வரும் என்பதால் அதை மறக்க வேண்டியிருந்தது. நான் அந்த இயக்கத்துக்காக இங்கே வாதாடவில்லை. அது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் செய்தவற்றை அறிந்தவள். ஒரு பெண்ணின் கையிலிருந்து ஒரு அறிவைப் பறித்துவிட்டு அதற்குப் பதிலாக ஐசிங் பையைக் கொடுப்பதை 'வலுவூட்டல்' என்று அழைத்ததைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தட்டு ஏறியது. செயலி காட்டிய கோணத்துக்குக் கையால் திருப்பி இறுக்கினேன். சில நிமிடத்தில் இணைப்பு வந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சியைச் சந்தேகப்பட எனக்கு உரிமை இருக்கிறது, ஏனெனில் அது என்னுடையது.

என்ன செய்தேன் நான்? துளை போட்டேன், பைப் நிறுத்தினேன், ஏறினேன். அதெல்லாம் என் கைவேலை. ஆனால் எந்தப் பக்கம் திருப்புவது என்று செயலி சொன்னது. ஏன் அந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. தட்டைத் திறக்க முடியாது. பழுதானால் திருத்த முடியாது, இன்னொன்று வாங்க வேண்டும். மேலே நான் எழுதிய அன்ரெனா வரிசை விளக்கம்கூடப் பெட்டியிலிருந்து வந்ததில்லை, தேடிப் படித்தது. 'நீங்களே' என்ற சொல், எதுவும் தெரியத் தேவையில்லாதபடி செய்யப்பட்ட ஒரு பொருளை எனக்குத் தந்துவிட்டு எல்லாம் தெரிந்தவள் என்ற உணர்வையும் சேர்த்துத் தந்தது.

அம்மாவின் தலைமுறையை நினைத்துப் பார்க்கிறேன். 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து இரண்டு கம்பி எடுத்து றேடியோவில் செய்தி கேட்டார்கள். மண்ணெண்ணெய் மிச்சம்பிடிக்க ஜாம் போத்தலில் விளக்குச் செய்தார்கள். அந்தக் காலத்தை அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தடைக்காலம் தடைக்காலம்தான், ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல் செத்தவர்கள் உண்டு. ஆனால் ஆறாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு டைனமோவைத் திறந்து, உள்ளே காந்தம் சுற்றுவதைக் காட்டி, ஏன் லைற் எரிகிறது என்று சொல்லத் தெரியும். பட்டப்படிப்பு முடித்த எனக்கு இந்தத் தட்டைத் திறக்கும் திருகாணியே கிடையாது.

கூலியின் கணக்கும் இருக்கிறது. ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் அமெரிக்க வீட்டுச் சாதனங்களின் வரலாற்றை எழுதினார். துணிதுவைக்கும் இயந்திரம் வந்தபோது பெண்ணுக்கு வேலை குறையவில்லை. வெளியே சலவைக்காரியிடம் போன வேலை திரும்ப வீட்டுக்கு, தாயின் தலையில், வந்தது என்று காட்டினார். நிறுவனம் ஒரு தொழிலாளியை அனுப்பாமல் மிச்சம்பிடிக்கும் கூலி என் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பயனாளியே கட்டும் வீட்டுத்திட்டத்திலும் இதுதான் நடந்தது. 'உங்கள் வீட்டை நீங்களே கட்டுகிறீர்கள்' என்ற பெருமையும், முடியாமல் நின்ற கூரையும், கடனும் ஒரே பொதியில் வந்தன. இரவில் அழைத்த அந்த ஆளின் வேலையும் இதில் போகிறது. அதற்காக நான் அழப்போவதில்லை. ஆனால் அவரைப்போல நாட்கூலிக்குக் கம்பி இழுக்கும் எத்தனையோ பெடியள், ஒருத்தருக்கும் இரவில் அழைக்காதவர்கள், இருக்கிறார்கள்.

என் சிநேகிதி ஒருத்தி, கொழும்பில் சட்டம் படிப்பிப்பவள், இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப நீ ஊருக்குள்ள இருந்த ஒரு ஆம்பிளையை விட்டிட்டு அமெரிக்காவில இருக்கிற ஒரு ஆம்பிளையில தொங்குறாய்." சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகும் அது நின்றது. 2022இல் உக்ரைன் போரின்போது கிரிமியாப் பகுதியில் சேவையை இயக்கும்படி வந்த கோரிக்கையைத் தான் ஏற்கவில்லை என்று எலான் மஸ்க் அடுத்த வருடம் தானே சொன்னார். அந்தப் போரில் எது சரி என்பது வேறு விடயம். ஒரு நிலப்பரப்பில் இணைப்பு இருக்குமா இல்லையா என்பதை எவரும் தேர்ந்தெடுக்காத ஒரு மனிதர் தீர்மானிக்க முடிந்தது. தொலைபேசியும் மின்சாரமும் நிறுத்தப்பட்ட இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதன் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் சிநேகிதியின் வாக்கியத்தோடு நான் முழுதாக உடன்படவில்லை. ஒருவரில் தொங்குவதே இழிவு என்று அது எடுத்துக்கொள்கிறது. மெய்யியலாளர் ஈவா ஃபெடர் கிட்டே, கடுமையான மாற்றுத்திறனோடு பிறந்த மகளைப் பராமரித்த அனுபவத்திலிருந்து எழுதியவர். தங்கியிருத்தல் மனித வாழ்வில் எப்போதாவது நேரும் விபத்து அல்ல, அதுவே மனித நிலை என்பது அவர் 1999இல் வெளியிட்ட நூலின் அடிப்படை. எவரிலும் தங்காத சுதந்திர மனிதன் என்ற கற்பனை, அவனுக்குச் சோறு போட்டவளை மறைத்துத்தான் உருவாகிறது. 'ஆம்பிளை இல்லாத வீடு' என்ற சொல்லிலும் இதே மறைப்பு இருக்கிறது. ஆண் இருக்கும் வீட்டில் ஆண் எதில் தங்கியிருக்கிறான் என்று ஊர் கேட்பதில்லை. 'வீட்டில சமைக்கிறதுக்குப் பொம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ' என்ற கேள்வி தனியாள் ஆணிடம் வரும்போது அதில் தீர்ப்பில்லை. பரிதாபம் இருக்கும், சில வேளை ஒரு பார்சல் சோறும்.

எனவே எண்ணிக்கையைக் குறைப்பது, ஒருவரிலும் தங்காமல் நிற்பது, எனக்கு இலக்கில்லை. முருங்கையில் தங்கியிருக்கிறோம். ஏணியைப் பிடித்த அக்காவில் தங்கியிருந்தேன். அவர் கையை எடுத்திருந்தால் இதை எழுத நான் இல்லை. அதில் அவமானம் எங்கே? அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும், கேட்கலாம், மறுத்துப் பேசலாம், நாளைக்கு அவருடைய வீட்டு ஏணியை நான் பிடிப்பேன். இரவில் அழைத்தவரிடம் இது ஒன்றும் இல்லை. 550 கிலோமீற்றர் உயரத்தில் ஓடுபவற்றிடமும் இல்லை. ஆனால் இந்த இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. செய்மதி என் உடம்பைப் பார்ப்பதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நிற்பதில்லை. தூரத்து எசமான் கிட்டத்து எசமானைவிட நல்லவன் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு பெண் தன் முற்றத்தில் மூச்சுவிட, சில வேளை தூரம் உதவுகிறது. நகரத்துக்கு ஓடிப்போன பெண்களுக்கும், பணிப்பெண்ணாக விமானம் ஏறிய பெண்களுக்கும் இந்தப் பேரம் தெரியும். அதை மடமை என்று மேலே நின்று சொல்பவர்கள் பெரும்பாலும் கிட்டத்து எசமானின் கீழ் இருந்து பார்க்காதவர்கள்.

நான் கேட்பது வேறு. பேரம் பேசும் நேரத்தில் என்ன தெரிந்துகொண்டு பேசுகிறோம்? ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று படித்தோமா? வீட்டுப் பாவனைக்கான இணைப்பை விலைக்கு மற்றவர்களுக்குக் கொடுக்க முடியாது என்று அதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் திண்ணையில் வந்திருந்து படிக்கிறார்கள்; நாங்கள் காசு வாங்குவதில்லை. ஒரு தாய் முட்டை கொண்டுவந்து தந்தா. முட்டை விலையா என்று மகள் சட்ட சிநேகிதிக்குப் போன் எடுத்துக் கேட்டாள். இந்தத் தட்டு எப்போதும் போட்டபடி இருந்தால் ஒரு சீலிங் ஃபான் அளவு கரண்ட் இழுக்கும், மாதம் ஐம்பது யூனிட்டைத் தாண்டலாம் என்பதும் எவரும் எங்களுக்குச் சொல்லாதது. நித்திரைக்குப் போகும்போது பிளக்கைக் கழற்றுகிறோம். இடி மின்னல் நேரத்திலும் அப்படித்தான்.

பெட்டியில் வந்த வழிகாட்டித் தாளில் படங்கள்தான். எந்த மொழிக்காரருக்கும் விளங்கட்டும் என்று அப்படிச் செய்திருப்பார்கள். படத்தில் ஏணியைப் பிடிக்க ஆளில்லை. மகள் ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். கொழுக்கி எத்தனை அங்குலம், எந்த ஒட்டுக் கடை, துளை எங்கே போடுவது, கேபிள் வளைவை எவ்வளவு இறக்குவது, எர்த் கம்பி எவ்வளவு ஆழம். செய்மதி ஏன் ஓடுகிறது, தட்டு ஏன் அசைவதில்லை என்பதற்கு இரண்டு பக்கம் வைத்திருக்கிறாள். அதை எழுத என்னோடு மூன்று நாள் சண்டை பிடித்தாள், என் விளக்கம் போதாது என்று. வளைவுக்கு அவளிடம் சொல் இருக்கவில்லை. இரண்டு வீடு தள்ளிப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அங்கே அதற்கு ஒரு சொல் இருந்திருக்கிறது. அந்தச் சொல்லை எழுதியிருக்கிறாள். யாரிடம் கேட்டாள் என்பதை எழுதவில்லை.